தேசிக்காய் தேய்த்த கை

வீரம்மாவின் கையைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இலங்கை மலைநாட்டில், லிந்துலைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், பதினேழு வயதில் கொழுந்துக் கூடையை மாட்டியவள். இப்போது ஐம்பத்தொன்று ஆகிறது. முப்பத்து நான்கு வருடக் கொழுந்தும் அவள் விரல்களில் ஏறி உட்கார்ந்துவிட்டது. பெருவிரலிலும் ஆட்காட்டி விரலிலும் கறுப்பு. நகக்கண்ணில் கறுப்பு. உள்ளங்கை ரேகை ஒவ்வொன்றும் பேனாவால் கீறியது மாதிரி கறுப்பு. தேத்தண்ணி குடிக்கிறவர்களுக்கு இது தெரியாது. கோப்பையில் பொன்னிறமாகத் தெரிகிற அதே சாறுதான் பறிக்கிற கையில் கரியாகப் பிடித்துக்கொள்கிறது. எந்தச் சவர்க்காரமும் அதனிடம் தோற்றுத்தான் போயிருக்கிறது.

அதற்கு, கொழுந்தெடுக்க மலைக்குப் போகிற பெண்கள் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம் தேசிக்காய் என்கிற எலுமிச்சங்காய். பாதியாக வெட்டி, உப்பைத் தொட்டு, விரல் விரலாகத் தேய்த்து, புளிப்பு நன்றாக ஊறும்வரை சும்மா இருக்க வேண்டும். கறுப்பு மண்ணிறமாகும், மண்ணிறம் கொஞ்சம் மங்கும். முழுதாகப் போகாது. ஆனாலும் கல்யாணப் பந்தியில் கூச்சப்படாமல் கையை நீட்டலாம்.

மற்றப் பெண்கள் இதைக் கல்யாணத்துக்கும் தேருக்கும்தான் செய்வார்கள். வீரம்மாவோ மகள் சுலக்ஷனா சம்பந்தப்பட்ட எதற்குப் போனாலும் தேசிக்காயைக் கையில் எடுத்துவிடுவாள். பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கூட்டம், மகளை ஆசிரியர் கல்லூரியில் கொண்டுபோய் விட்ட நாள், பெண் பார்க்க வந்த நாள், எதையும் விட்டதில்லை. "மக வெஷயம்னா இவளுக்குக் கையே புளிச்சுப் போவும்" என்று அவள் புருஷன் அழகன் கேலி செய்வான். அவன் தொழிற்சாலையில் இலை வாட்டுகிற பகுதியில் வேலை செய்கிறவன். எதையும் கேலி பண்ணாமல் அவனுக்குச் சோறு இறங்காது.

சுலக்ஷனா இப்போது அட்டனில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. அவளைக் கட்டிய சுதாகரன், அதே டவுனில் தரைக்குப் பதிக்கிற டைல்ஸும் மாபிளும் விற்கிறவன். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பதுதான் வழக்கம். ஆனால் தோட்டத்து வரிசைவீடான லயத்தில் வீரம்மா இருக்கிற காம்பராவிலிருந்து மழைக்காலத்தில் மெயின் ரோட்டுக்கு வருவதே ஒரு பிரயாணம். ஆகவே மகள் தாய்வீட்டுக்குப் போவதற்குப் பதிலாகத் தாய் மகள் வீட்டுக்கு வருவதென்று முடிவாயிற்று. பிள்ளை பிறந்த முப்பத்தோராம் நாள் தீட்டைக் கழிக்கிற முப்பத்தொன்று முடியும்வரை வீரம்மா அங்கே இருப்பாள். தோட்டத்தில் லீவு சொல்லி, நாயையும் அழகனையும் ஒருவர் பொறுப்பில் ஒருவரை விட்டு, பிள்ளை பெற்றவளுக்கான சரக்குத்தூளும் பூண்டும் ஒரு டசின் தேசிக்காயும் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள்.

அந்த வீட்டுச் சமையலறையில்தான் இருந்தது அந்தக் கல்.

நீளமாக, சுவரோரம் முழுக்க, பால் மாதிரி ஒரே வெள்ளையில் ஒரு மாபிள் பலகை. ஏதோ ஹோட்டல் வேலைக்கு வந்து மிஞ்சியதைச் சுதாகரன் ஆசைப்பட்டு வாங்கி, மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து தானே அளந்து வெட்டி, தானே மெருகு போட்டுப் பதித்திருந்தான். ஜன்னல் வெளிச்சம் அதில் விழுந்தால் எதிரே மலையில் நிற்கிற சவுக்கு மரம் தலைகீழாகத் தெரியும். காலையில் கடைக்குப் போகுமுன் இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஒரே ஒரு சொட்டுச் சவர்க்காரம் விட்டு அதைத் துடைப்பான். பிறகு பழைய பனியன் துணியால் ஈரம் போக ஒற்றி எடுப்பான். இரண்டு மாதத்துக்கொரு தடவை நடுவில் ஒரு துளி தண்ணீர் விட்டு, அது உருண்டு நிற்கிறதா, கல்லுக்குள் இறங்குகிறதா என்று குனிந்து பார்ப்பான். இறங்கினால் கடையிலிருந்து ஒரு திரவத்தைக் கொண்டுவந்து பூசி, ஒரு இரவு யாரையும் அண்டவிட மாட்டான். "எனக்கு மூத்தாள் இந்தக் கல்லுதான்" என்பாள் சுலக்ஷனா.

கடைக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் அவன் சொல்லி அனுப்புகிற வாசகம் ஒன்று உண்டு. "நாக்குல புளிக்கிற எதையும் மாபிள்ல வைக்காதீங்க. தேசிக்காய், புளி, வினாகிரி எல்லாம் கல்லைத் தின்னுரும்." சிங்களத்தில் கேட்பவர்களுக்குச் சிங்களத்திலும் சொல்வான். அட்டனில் மாபிள் வாங்கிய அத்தனை பேருக்கும் இது மனப்பாடம்.

சொல்லாமல் விட்டது ஒரே ஒருவருக்கு, அது அவனுடைய மாமியாருக்கு.

இந்த மரியாதை இருக்கிறதே, அதை நினைத்தால் எரிச்சல்தான் வருகிறது. மாப்பிள்ளையும் மாமியாரும் முகம் பார்த்து நாலு வார்த்தை பேசினால் குடியா முழுகிப் போய்விடும்? ஆனால் வீரம்மா மாப்பிள்ளை எதிரே வந்தால் முந்தானையை இழுத்துக்கொண்டு கதவோரம் ஒதுங்குகிறவள். அவனோ அத்தை இருக்கிற அறைக்குள் இருமிவிட்டு நுழைகிறவன். மூன்று பேரும் ஒரே அறையில் இருக்கும்போதுகூட, "அத்தை சாப்ட்டாங்களான்னு கேளு" என்று அவன் மனைவியிடம் சொல்வான். "சாப்ட்டேன்னு சொல்லு" என்று வீரம்மா மகளிடம் சொல்வாள். சுலக்ஷனா நடுவில் நின்று இரண்டு பக்கமும் தலையாட்டுவாள். அப்படிப்பட்டவன், பெற்ற தாய்க்குச் சமமானவளிடம் "கல்லில் அதை வைக்காதீர்கள், இதை வைக்காதீர்கள்" என்று சட்டம் பேசுவானா? "அத்தைக்குப் பக்குவமா சொல்லி வச்சிரு" என்று மனைவியிடம் சொன்னான். அவளும் சரி என்றாள். அன்றைக்கு இரவே வலி கண்டுவிட்டது, சொன்ன நாளுக்கு ஒன்பது நாள் முந்தி. ஆஸ்பத்திரி, பெண் குழந்தை, தையல், காய்ச்சல் என்று ஓடிய ஓட்டத்தில் கல்லாவது மண்ணாவது.

வீரம்மாவுக்கு அந்தக் கல்லைப் பார்த்ததுமே பயம் வந்துவிட்டது. அவளுக்குத் தெரிந்த கல்லெல்லாம் வேறு சாதி. துணி துவைக்கிற ஆற்றங்கரைப் பாறை, எவ்வளவு அடித்தாலும் ஏனென்று கேட்காது. வீட்டு அம்மி, அரைத்து முடித்ததும் தேசிக்காய்த் தோலைப் போட்டு உரசிக் கழுவினால் பளிச்சென்று ஆகிவிடும். இது அப்படியில்லை, தொட்டாலே கறை பட்டுவிடும் போலிருந்தது. இந்தக் கையை வைத்துக்கொண்டு இந்தக் கல்லின் மேல் எப்படிச் சமைப்பது? அதைவிட, புத்தம் புதிதாக வந்திருக்கிற பச்சைப் பிள்ளையை இந்தக் கையால் எப்படித் தூக்குவது? ஆகவே விடிந்ததும் முதல் வேலை தேசிக்காய் தேய்ப்பது என்று ஆயிற்று. ஒரு தடவை போதாதென்று மத்தியானமும் ஒரு தடவை.

பிள்ளை வீட்டுக்கு வந்த ஐந்தாம் நாள் காலை. சுதாகரன் கடைக்குப் போய்விட்டான். வீரம்மா கையில் தேசிக்காய்ச் சாறு ஊறிக்கொண்டிருந்தது. அறையில் பிள்ளை வயிற்றை முறுக்கி அலறியது. "அம்மா, ஓமத்தண்ணி!" என்று சுலக்ஷனா கத்தினாள். போத்தல் மேல் தட்டில், பின்னால் இருந்தது. வீரம்மா இடக்கையை மாபிளில் அழுத்தி ஊன்றி, குதிகாலை உயர்த்தி, வலக்கையால் ஒவ்வொரு டப்பாவாக நகர்த்தித் தேடினாள். இரண்டு நிமிஷமாவது ஆகியிருக்கும். போத்தல் கிடைத்தது. பிள்ளைக்குக் கொடுத்தாயிற்று. அதுவும் ஒரு ஏப்பம் விட்டுவிட்டு உறங்கியது.

திரும்பி வந்து பார்த்தால் கல்லில் ஒரு கை.

ஐந்து விரலும் உள்ளங்கையும் அப்படியே. கறுப்பாக இல்லை. ஜன்னல் வெளிச்சம் மற்ற இடமெல்லாம் வழுக்கிக்கொண்டு ஓட, அந்தக் கையளவு இடத்தில் மட்டும் செத்துக் கிடந்தது. வீரம்மா ஈரத்துணியால் துடைத்தாள். போகவில்லை. சவர்க்காரம் போட்டாள். போகவில்லை. அவளுக்கு ஒரே ஒரு காரணம்தான் தோன்றியது. முப்பத்து நான்கு வருடக் கொழுந்துக் கறை வேலையைக் காட்டிவிட்டது. எவ்வளவு தேய்த்தும் போதவில்லை. இனி என்ன செய்வாள்? கறைக்கு அவளுக்குத் தெரிந்த மருந்தைத்தான் எடுத்தாள். இன்னொரு தேசிக்காயை வெட்டி, பெருவிரல் பதிந்த இடத்தில் வைத்துத் தேய் தேய் என்று தேய்த்தாள். காய்ந்ததும் பார்த்தால் பெருவிரல் இரண்டு மடங்காகியிருந்தது.

அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். பாவம், அந்த நேரத்தில் அவளுக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்கவும் ஆளில்லை.

பிறகு எழுந்து, பிளாஸ்கும் பால்மா டின்னும் வைத்திருந்த தட்டை நகர்த்தி அந்தக் கையின் மேல் வைத்தாள். அன்றிலிருந்து கல்லைத் துடைக்கிற வேலையைத் தானே எடுத்துக்கொண்டாள். "மாப்பிள்ளைய அலைய வேணாம்னு சொல்லு, நான் தொடைக்கிறேன்." மாப்பிள்ளைக்கு மனம் குளிர்ந்துபோயிற்று. "அத்தைக்கும் கல்லு மேல ஆசை வந்திருச்சு பார்த்தியா" என்று மனைவியிடம் பெருமையாகச் சொன்னான். அது வீரம்மாவின் காதில் விழுந்து, அன்றைக்கு அவளுக்குச் சோறே வேண்டாமென்று ஆகிவிட்டது.

முப்பத்தொன்றுக்குச் சுதாகரனின் சொந்தமெல்லாம் வரும். சமையலறையில் பத்துப் பெண்கள் நிற்பார்கள். யாராவது தட்டைத் தூக்குவார்கள். யாருடைய கை என்று கேட்கக்கூட வேண்டியதில்லை. "டீச்சரோட அம்மா, கொழுந்து எடுக்கிறவங்கதானே" என்று யாராவது சும்மா சொன்னால்கூட, மகள் அந்தப் பத்துப் பேர் நடுவில் தலைகுனிந்து நிற்க வேண்டும். இந்த நினைப்பு அவளை உறங்கவிடவில்லை. அதற்குள் போய்விட வேண்டும் என்று முடிவெடுத்தாள். மகளுக்கு இன்னும் தையல் காயவில்லை, பிள்ளைக்குப் பால் சரியாகப் பிடிக்கத் தெரியவில்லை, பிள்ளையைக் குளிப்பாட்ட வேறு ஆளில்லை. அத்தனையும் தெரிந்துதான் பையைக் கட்டினாள். பிள்ளையின் துணியை மடித்து வைக்கும்போது ஒவ்வொன்றாக மோந்து பார்த்து மடித்தாள்.

அது ஞாயிற்றுக்கிழமை. சுதாகரன் முன்னறையில் இருந்தான். பிள்ளைக்குப் பத்தொன்பது நாள்.

"அப்பாவுக்குச் சொகமில்லயாம்மா. காச்சலு. நான் போய்ப் பாத்துட்டு வாறேன்."

சுலக்ஷனாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "எப்ப சொன்னாங்க? ஆஸ்பத்திரிக்குப் போனாங்களா?"

வீரம்மா பதில் தேடுவதற்குள் மேசை மேலிருந்த அவளுடைய போன் அடித்தது. அருகிலிருந்த சுலக்ஷனாவே எடுத்துக் காதில் வைத்தாள். அழகன்தான். காம்பராவே அதிருகிற குரலில், "ஏ புள்ள, தேங்கா திருவுறத எங்க வச்ச? நாய்க்கும் எனக்கும் இன்னைக்கு ரொட்டியும் சம்பலும்!" என்றான். ஆள் அவ்வளவு சுகமாக இருந்தான்.

சுலக்ஷனா போனை வைத்துவிட்டுத் தாயைப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. "ஏம்மா பொய் சொல்றீங்க? என்னய விட்டுட்டுப் போறதுக்கு என்ன நடந்துச்சு? அவரு எதும் சொன்னாரா?"

"ஐயோ, அப்புடியெல்லாம் இல்லம்மா."

"அவருதான் ஏதோ சொல்லியிருக்காரு. அந்தக் கல்லப் பத்தித்தானே? நான் இப்பவே கேக்குறேன்." தையல் வலியோடு எழுந்து முன்னறைப் பக்கம் நடந்தாள்.

தன்னால் மகள் தலைகுனிய நேருமோ என்றுதான் வீரம்மா பயந்தாள். ஆனால் தன்னால் அந்த நல்ல மனிதன் மேல் பழி விழுவதை அவளால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. மகளை முந்திக்கொண்டு போனாள். கதவோரத்தில் ஒதுங்கவில்லை. கல்யாணமான இந்த மூன்று வருடத்தில் முதல் தடவையாக நேரே அவன் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"மாப்பிள்ளை, கொஞ்சம் குசினிக்கு வாங்க."

சுதாகரன் பதறி எழுந்து, பழக்கத்தில் "என்னன்னு கேளு" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, பின்னாலேயே ஓடினான். வீரம்மா தட்டைத் தூக்கினாள்.

"இது என் கை. கொழுந்துக் கறை. தெரியாம ஊனிட்டேன். ஓமத்தண்ணி எடுக்கக்குள்ள. தேசிக்கா போட்டுத் தேச்சும் பாத்தேன், போவல. ஒங்க கல்லு வீணாப் போச்சு. அவ மேல ஒரு தப்பும் இல்லைங்க."

சுதாகரன் குனிந்தான். கன்னம் கல்லில் படும்படி சாய்ந்து வெளிச்சத்துக்கு எதிராகப் பார்த்தான். விரல் நுனியால் தடவினான். நிமிர்ந்தபோது அவனும் மறந்துபோய் நேரடியாகவே கேட்டான்.

"தேசிக்காயா? கையில அதுக்கு முந்தியே தேசிக்கா இருந்துச்சுங்களா அத்தை?"

"ஆமாங்க. புள்ளயத் தூக்குற கை. ஒங்க கல்லத் தொடுற கை. கறை ஒட்டக் கூடாதுன்னு நாள் தவறாம தேய்ப்பேன்."

சுதாகரன் நெற்றியில் அடித்துக்கொண்டான். "ஐயோ, அத்தை! இது கறையே இல்லீங்க. கறைன்னா மேல வந்து ஏதாச்சும் ஒட்டியிருக்கணும். இது கல்லத் தேசிக்காய் தின்னது. ஊருக்கெல்லாம் வாய் வலிக்கச் சொல்றேன், ஒங்ககிட்ட சொல்லாம விட்டுட்டேன். தப்பு என்னோடது." பிறகு அவள் கையைக் காட்டினான். "ஒங்க கையில இருக்கிறது தோல்ல ஊறிக் காஞ்சுபோன கறை. அது கல்லுக்கு ஏறவே ஏறாது. நீங்க கைய அப்படியே வச்சிருந்தா ஒண்ணுமே ஆகியிருக்காதுங்க."

வீரம்மாவுக்கு அது விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அவன் கடைக்கு ஓடிப்போய் ஒரு சின்ன டப்பாவில் வெள்ளைப் பொடியும், தண்ணீர் விட்டுத் தேய்க்கிற மிக நைசான உப்புத்தாளும், ஒரு கம்பளித் துண்டும் கொண்டுவந்தான். அமுக்காமல், சுற்றிச் சுற்றி, பிள்ளைக்கு முதுகு தடவுவது போலத் தேய்த்தான். கல்லின் மேல் பால் மாதிரி ஒரு குழம்பு வந்தது. துடைத்தான், சாய்ந்து பார்த்தான், மறுபடி தேய்த்தான். சின்னவிரல் முதலில் போயிற்று. பிறகு உள்ளங்கை. இரண்டு தடவை தேசிக்காய் தின்ற பெருவிரல்தான் கடைசிவரை அடம் பிடித்தது. வீரம்மா பக்கத்தில் நின்று தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். ஒரு மணித்தியாலத்தில் சவுக்கு மரம் அந்த இடத்திலும் தலைகீழாக வந்து நின்றது.

"ரொட்டிக்கு மாவு பெசையட்டுங்களா மாப்பிள்ளை?" என்றாள் வீரம்மா. மூன்று வருடத்தில் அவர்கள் பேசிய முதல் வீட்டுப் பேச்சு அது.

சுலக்ஷனா பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒன்று மட்டும் புரியவில்லை.

"எப்பயிருந்தும்மா இப்படித் தேசிக்கா போடுறீங்க? மத்தவங்க யாரும் இவ்வளவு போட மாட்டாங்களே?"

வீரம்மா மாவில் தண்ணீர் தெளித்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள். "நீ அஞ்சாம் ஆண்டு ஸ்கொலர்ஷிப் பாஸ் பண்ணி மாலை போட்டாங்களே, அன்னையிலருந்து. போட்டோ பிடிக்கக்குள்ள நீதானே காதுல சொன்ன, கைய சேலைக்குள்ள வச்சுக்கங்கம்மான்னு. சின்னப் புள்ள சொல்லுது, சரின்னு வச்சேன். பொறவுதான் நெனச்சேன், ஒவ்வொரு தடவையும் ஒளிக்க முடியுமா, கொஞ்சம் வெளுக்க வச்சா என்னான்னு."

அதில் குற்றம் சொல்கிற தொனி ஒரு பொட்டுக்கூட இல்லை. அதுதான் சுலக்ஷனாவால் தாங்க முடியவில்லை. அந்த வார்த்தை அவளுக்கு ஞாபகமே இல்லை. மாலை ஞாபகம் இருந்தது, போட்டோ ஞாபகம் இருந்தது. அந்தப் போட்டோ இந்த வீட்டு முன்னறையில்தான் தொங்குகிறது. தினமும் அதைக் கடந்து போகிறாள். அதில் அம்மாவுக்குக் கை இல்லை என்பதை அவள் ஒரு நாளும் பார்த்ததில்லை.

அவள் அழுததைப் பார்த்து, தையல் வலிக்கிறதாக்கும் என்று வீரம்மா சரக்குத்தூள் கலக்கப் போனாள்.

முப்பத்தொன்று நல்லபடியாகக் கழிந்தது. சுதாகரனின் சொந்தக்காரப் பெண்கள் பத்துப் பேரும் அந்தக் கல்லைச் சுற்றி நின்று வடை சுட்டார்கள். அதில் ஒருத்தி தேசிக்காயை வெட்டக் கல்லின் மேல் வைத்தபோது, "அதுல புளிப்பு ஆகாது, தின்னுரும்!" என்று பாய்ந்து பிடுங்கியது வேறு யாருமில்லை, வீரம்மாதான்.

ஊருக்குத் திரும்பி மறுபடி மலைக்குப் போகத் தொடங்கினாள். பேத்திக்கு முதல் பொங்கல் வந்தது. "அம்மா, தேசிக்கா தேச்சுட்டு வந்தீங்கன்னா வாசல்லயே நிப்பாட்டிருவேன்" என்று சுலக்ஷனா போனில் முன்கூட்டியே சொல்லியிருந்தாள். வீரம்மா பொங்கலுக்கு முந்தின நாள் அரை நாள் கொழுந்து எடுத்துவிட்டு, சவர்க்காரத்தில் மட்டும் கையைக் கழுவி, இந்தத் தடவை அழகனையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். விரல்கள் நல்ல கறுப்பாக இருந்தன. பஸ்ஸில் பாதி வழி அவற்றை மடியில் மூடிக்கொண்டே வந்தாள். பழக்கம் ஒரு நாளில் போய்விடுமா?

பொங்கலை இறக்கியபின் சுதாகரன் போட்டோ எடுக்கப் போனை எடுத்தான். சமையலறையில்தான் வெளிச்சம் நன்றாக இருந்தது. கல்லின் மேல் மெத்தையாகத் துணியை மடித்துப் போட்டு, அதில் பிள்ளையை உட்கார வைத்துச் சுலக்ஷனா பிடித்துக்கொண்டாள். அழகன் நெஞ்சை நிமிர்த்தி நின்றான். வீரம்மா ஓரத்தில் வந்து நின்று, யாரும் சொல்லாமலே இரண்டு கையையும் முந்தானைக்குள் விட்டுக்கொண்டாள்.

"கொஞ்சம் நில்லுங்க" என்றாள் சுலக்ஷனா கணவனிடம்.

பிள்ளையை அழகனிடம் பிடிக்கக் கொடுத்தாள். தாயின் முந்தானைக்குள் கையை விட்டு அந்த இடக்கையை வெளியே எடுத்தாள். விரல்களை ஒவ்வொன்றாக விரித்து, வெள்ளைக் கல்லின் மேல், பிள்ளையின் காலுக்குப் பக்கத்தில், எல்லோருக்கும் தெரியும்படி வைத்தாள்.

"கை வெளியதான் இருக்கணும்மா" என்றாள்.

போட்டோ எடுத்தாயிற்று. அழகனும் மற்றவர்களும் போனுக்குள் தலையை விட்டுப் படத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தபோது, வீரம்மா மெல்லக் கையைத் தூக்கி, அது இருந்த இடத்தைக் குனிந்து பார்த்தாள். கல் வெள்ளையாகவே இருந்தது.